முதலில் காற்று, அப்புறம்தான் களிம்பு

“கொழந்தைக்கு அடியில வெந்துபோயிருக்குண்ணே. ஏதாச்சும் ட்யூப் குடுங்க.”

மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. கேட்கிறவர் பெரும்பாலும் குழந்தையின் அப்பா, இல்லாவிட்டால் தாய்மாமன். குழந்தை வீட்டில் இருக்கிறது; கடைக்காரர் அதைப் பார்த்ததில்லை. பிறந்து எத்தனை நாள், சிவப்பு எங்கே ஆரம்பித்தது, பேதி உண்டா என்றெல்லாம் கேட்க அவருக்கு நேரமும் இல்லை. பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கை அலமாரிக்குப் போகிறது. வருவது ஜிங்க் ஆக்ஸைடு களிம்பாக இருந்தால் குழந்தைக்கு யோகம். படர்தாமரைக்குப் பெரியவர்கள் தடவுகிற ஸ்டீராய்டு கலவையாக இருந்தால், இரண்டு மூன்று நாளில் ஆறியிருக்கவேண்டிய சிவப்பு மாதக்கணக்கில் இழுக்கிற வைத்தியமாகிவிடலாம்.

டயப்பர் ரேஷ் என்று டாக்டர்களும் விளம்பரங்களும் சொல்கிற இந்த அரையிடுக்குப் புண், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது வந்து போகிற சங்கதி. ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டு, மேலே ஒரு தடுப்புப் பூச்சு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால், குழந்தை மருத்துவத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. இந்தப் புண்ணால் கெட்ட குழந்தைகளின் கதை சின்னது. இந்தப் புண்ணுக்கென்று பெரியவர்கள் தூவியதாலும் தடவியதாலும் கெட்ட குழந்தைகளின் கதைதான் நீளமானது, பயங்கரமானது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், தோல் ஏன் வேகிறது என்று பார்த்துவிடலாம்.

அமோனியா மேல் விழுந்த பழி

ஈரத்துணியைப் பிரித்ததும் குப்பென்று மூக்கில் ஏறுகிற நெடி அமோனியாவுடையது. அதுதான் தோலைச் சுடுகிறது என்று மருத்துவர்களே வெகுகாலம் நம்பினார்கள். 1921-ல் ஜே.வி. குக் என்ற அமெரிக்க மருத்துவர், மலத்திலிருக்கும் ஒரு பாக்டீரியா மூத்திரத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகிறது, புண்ணுக்கு அதுவே காரணம் என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. துணியைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்தால் போதும் என்ற எண்ணமும் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1977-ல் லெய்டன், கிளிக்மன் முதலான தோல் மருத்துவ ஆய்வாளர்கள் புண் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அமோனியா அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நல்ல தோலில் அமோனியா ஒன்றும் செய்யவில்லை. முன்பே சிராய்த்திருந்த தோலில்தான் எரிச்சலைக் கூட்டியது. அப்படியானால் தோலை முதலில் சிராய்த்தது யார்? 1980-களில் வந்த ஆய்வுகள் மலத்தைக் கைகாட்டின. குடலில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கிற நொதிகள் மலத்தோடு வெளியே வருகின்றன. தோலும் புரதமும் கொழுப்பும்தானே! நொதிகள் தங்கள் வேலையைத் தோலிலும் தொடர்கின்றன.

இங்கே மூத்திரத்துக்கும் பங்கு உண்டு, வேறு விதத்தில். அமோனியா சேரும்போது தோலின் மேலிருக்கும் லேசான அமிலத்தன்மை போய், காரத்தன்மை ஏறுகிறது. மலத்தின் நொதிகள் வேகம் பிடிப்பது காரத்தில்தான். மூத்திரமும் மலமும் தனித்தனியே செய்யும் சேதத்தைவிட இரண்டும் கலந்து ஒரே துணிக்குள் கிடந்தால் ஆகிற சேதம் பெரிது. இதோடு ஈரத்தில் ஊறி உப்பிய மேல்தோல், அதன்மேல் துணியின் உரசல். ஊறிய தோல் லேசான தேய்ப்பிலேயே உரிந்துவிடும்.

பிறந்த குழந்தைக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. நம் தோலுக்கு உள்ள அமிலக் கவசம் அதற்குப் பிறக்கும்போது கிடையாது. முதல் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மெல்ல மெல்லத்தான் வருகிறது. அந்தச் சமயத்தில் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் சோப்புப் போட்டால், கட்டிக்கொண்டிருக்கும் கவசத்தை நாமே கழுவிவிடுகிறோம்.

இந்தக் கதையிலிருந்து வீட்டுக்குத் தேவைப்படுவது ஒன்றுதான். மூத்திரத் துணியைக்கூடக் கொஞ்சம் பொறுத்து மாற்றலாம், ஆய் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாமே என்று விட்டுவைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் நொதிகள் வேலையை முடிக்கின்றன.

சின்னக் குழந்தை எத்தனை முறை போகும் என்பதில் புதுத் தாய்மார்களுக்கு எப்போதும் கவலை. முதல் இரண்டு மூன்று நாள் கரும்பச்சையாக, பிசுபிசுவென்று காட்டுப்பீ போகும். அது தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தேய்த்து எடுக்கத் தோன்றும். தேய்க்காமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்து ஒற்றினால் வந்துவிடும். பிறகு, தாய்ப்பால் குடிக்கிற குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் மஞ்சளாக, இளக்கமாகப் போகலாம். அது பேதி அல்ல. தாய்ப்பால் குழந்தையின் மலத்தில் காரத்தன்மையும் நொதிகளின் வீரியமும் குறைவு என்பதால் பொதுவாகப் புண்ணும் குறைவாகவே வருகிறது. மஞ்சள்காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைக்கப்படும் குழந்தைகளுக்கு மலம் பச்சையாக, தண்ணீராகப் போவது வழக்கம். ஆன்டிபயாட்டிக் ஏறிய குழந்தைகளுக்கும் அப்படித்தான். மருத்துவமனையிலிருந்து இப்படி வீடு திரும்புகிற குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே சிவக்கலாம். அதற்கு ஆச்சியின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

வேட்டித் துணியா, டயப்பரா?

பிரசவமான வீடுகளில் நடக்கிற நிரந்தரப் பட்டிமன்றம் இது. தாத்தாவின் பழைய பருத்தி வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருப்பார் பாட்டி. மகள் மருத்துவமனைப் பையிலேயே டயப்பர் பாக்கெட்டோடு வந்திருப்பாள். ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லாத குற்றச்சாட்டு இரண்டு பக்கமும் உண்டு.

தீர்ப்பு அவ்வளவு சுலபமில்லை. 2006-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று அடித்துச் சொல்லப் போதுமான நல்ல சான்று இல்லை என்றது. இரண்டிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள், கெட்டவர்களும் இருக்கிறார்கள். வேட்டித் துணி நல்லதாக இருந்ததற்குக் காரணம் அது நனைந்த நொடியில் தெரிந்துவிடும், உடனே மாற்றியாக வேண்டும் என்பதுதான். அந்த உடனடித்தனத்துக்கு ஒரு நாளைக்கு இருபது துணி, அதைத் துவைக்க ஒரு ஆள், காயவைக்க ஒரு கொடி, பகலும் இரவும் விழித்திருக்க இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆட்பலம் இல்லாமல் துணியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் ஜட்டியையும் மாட்டிவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற பெண்மணியைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியதும் இப்படிப்பட்ட ஒரு ரப்பர் ஜட்டிதான். துணிக்கு மேல் ரப்பர் ஜட்டி மாட்டினால் படுக்கை நனையாது, குழந்தையின் தோல் வெந்துவிடும். அவர் குளியலறைத் திரைத்துணியை வெட்டித் தைத்து, காற்றுக் கொஞ்சம் போய்வருகிற மேலுறை ஒன்றைச் செய்தார். 1949-ல் நியூயார்க் கடையில் விற்பனைக்கு வந்தது, 1951-ல் காப்புரிமை கிடைத்தது. தூக்கிப்போடும் காகித டயப்பர் யோசனையோடு அவர் நிறுவனங்களின் வாசல் ஏறியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து, 1961-ல் ‘பேம்பர்ஸ்’ சந்தைக்கு வந்தது. 1980-களில் உள்ளே அதிகம் உறிஞ்சும் பாலிமர் துகள்கள் சேர்ந்தன. ஈரத்தை இழுத்துக் கூழாக்கி உள்ளே வைத்துக்கொள்வதால் தோல் முன்னைவிடக் காய்ந்திருந்தது.

ஆக, இன்றைய நல்ல டயப்பர் மூத்திர ஈரத்தைத் தோலிலிருந்து விலக்குகிறது. மலத்தை அது ஒன்றும் செய்ய முடியாது. பாக்கெட்டில் ‘பன்னிரண்டு மணி நேரம்’ என்று போட்டிருப்பது கசியாமல் தாங்கும் நேரம், குழந்தையின் தோல் தாங்கும் நேரம் அல்ல. டயப்பரின் விலை கையைக் கடிப்பதால் ‘இன்னும் கனக்கலையே’ என்று இழுத்துப் பிடிக்கிற வீடுகளில் டயப்பர் வேட்டித் துணியைவிடக் கேடாகிவிடுகிறது. அப்படி இழுக்கவேண்டிய நிலை என்றால் பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்று பிரித்துக்கொள்வது என் பார்வையில் சரியான வழி. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களுக்கு 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் நாப்கினுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

தாய்வீட்டில் இருக்கிற மூன்று மாதமும் புண்ணே வராமல் இருந்து, புகுந்த வீட்டுக்கோ நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கோ போன மறுவாரம் சிவந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். தண்ணீரில் பாதி உண்மை இருக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புத்தூள் லேசில் அலசிப் போகாது. துணியில் தங்கிய சோப்பு, தோலை அரிக்கும். ஒரு அலசல் கூடுதலாகப் போடுங்கள், வாசனைக்காகச் சேர்க்கிற கடைசித் திரவத்தை விட்டுவிடுங்கள். மீதிப் பாதி, அங்கே இருந்த பாட்டியும் சித்தியும் இங்கே இல்லை என்பதுதான். துணி மாற்ற ஒரே ஒரு ஜோடிக் கை. அந்தக் கையும் தையல் ஆறாமல், தூக்கம் இல்லாமல் இருக்கிறது. இரவில் இரண்டு முறை துணி மாற்றுவதை அப்பா ஏற்றுக்கொண்டால் அது எந்தக் களிம்பும் தராத பலனைத் தரும். அதற்குப் பாலூட்டும் உறுப்பு எதுவும் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கஷ்டம். துணி காயாது. பாதி காய்ந்த துணியைக் கட்டுவதைவிட இஸ்திரி போட்டு ஈரத்தை முழுக்க எடுத்துவிட்டுக் கட்டலாம். கத்திரி வெயிலில் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். அப்போது துணியோ டயப்பரோ இல்லாமல் எவ்வளவு நேரம் விட முடியுமோ அவ்வளவு நேரம் விட்டுவிடுவதே வைத்தியம்.

என்ன செய்யலாம்?

சிவப்புத் தெரிந்த அன்று முதல் வேலை, கட்டியிருப்பதைக் கழற்றுவது. ரப்பர் விரிப்பின் மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டு, குழந்தையை அம்மணமாகக் கிடத்துங்கள். ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடமாவது காற்றுப் படட்டும். மெத்தை நனையும், பாயை மாற்ற வேண்டிவரும், வந்த விருந்தாளி முகம் சுளிப்பார். பரவாயில்லை. ஈரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைக் காட்டுவதோ, சாம்பிராணிப் புகையில் தொடையிடுக்கைக் காட்டுவதோ கூடாது. முன்னது தோலைச் சுட்டுவிடும், பின்னது பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைப்பது, மலம் சிறுநீர்த் துவாரத்துக்குப் போகாமல் காக்கும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாட்டிமார் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு, அன்போடு தடுத்துவிடுங்கள். வெளியே போகும்போது வெட் வைப்ஸ் பயன்படுத்தலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாக இருந்தால் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் 2012-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட வைப்ஸும் தண்ணீர்ப் பஞ்சும் பிறந்த குழந்தைகளின் தோலுக்குச் சமமாகவே இருந்தன. தோல் உரிந்திருக்கும்போது மட்டும் தண்ணீரே நல்லது, வைப்ஸ் எரியும்.

ஒற்றி, முழுக்கக் காயவிட்ட பிறகு பூச்சு. ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு, அது இல்லையென்றால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. இந்தப் பூச்சு மலத்துக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு. ஆகவே முகத்துக்கு க்ரீம் தடவுகிற மாதிரி லேசாகத் தேய்த்து மறைய வைத்தால் பலன் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கனத்தில், வெள்ளையாகத் தெரியும்படி அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அந்த வெள்ளை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்குப் பட்ட மேல்பகுதியை மட்டும் ஒற்றிவிட்டு, அதன்மேலேயே இன்னொரு பூச்சுப் போடலாம். ஒவ்வொரு முறையும் சுத்தமாக எடுத்தே தீருவேன் என்று தேய்த்து, ஆறுகிற தோலை மறுபடி உரிப்பவர்கள் பெரும்பாலும் சுத்தம் பார்க்கிற, அக்கறையுள்ள அம்மாக்கள்தான்.

நம் வீட்டுப் பொருட்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தடை சொல்ல ஒன்றும் இல்லை, ஜிங்க் அளவுக்குக் கனமான தடுப்பாக நிற்காது என்பதைத் தவிர. விளக்கெண்ணெய்க்கு ஒரு பெருமை உண்டு: ஜிங்க் ஆக்ஸைடையும் விளக்கெண்ணெயையும் சேர்த்துச் செய்கிற களிம்பு பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பிலேயே இடம்பெற்றது, அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பூசியிருக்கிறார்கள். தாய்ப்பாலைத் தடவுகிற பழக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஈரானில் 2013-ல் வந்த ஆய்வில் லேசான ஸ்டீராய்டு களிம்புக்கு அது ஈடாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளிடம் நடந்த துருக்கி ஆய்வில் ஜிங்க் களிம்புதான் ஒரு படி மேலாக இருந்தது. தடவினால் காயவிட்டு, அதன்மேல் பூச்சுப் போடுங்கள். மஞ்சள், வசம்பு, கடலைமாவு, பயத்தமாவு ஆகியவை உரிந்த தோலுக்கு வேண்டாம். மாவு மடிப்புக்குள் தங்கி ஊறும். மஞ்சள் பூசினால் சிவப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாது.

டப்பாவில் வந்த சாவு

குளிப்பாட்டியதும் பவுடர் போடாவிட்டால் குளியலே முடிந்ததாக நம் வீடுகளில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரையிடுக்கில் கொட்டினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. ஈரத்தில் பவுடர் கட்டிதட்டி, நடக்காத குழந்தையின் தொடை மடிப்பிலேயே உரசிக்கொண்டிருக்கும். தூவும்போது பறக்கிற தூளைக் குழந்தை மூச்சோடு இழுத்து மூச்சுத்திணறி உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பல பதிவாகியுள்ளன. பிறந்த குழந்தைக்குப் பவுடர் தேவையே இல்லை. உலகப் புகழ்பெற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த பேபி பவுடரை 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுவதும் நிறுத்திக்கொண்டது. புற்றுநோய் வழக்குகள் குவிந்திருந்த காலம் அது.

இதற்கெல்லாம் முன்பே, போரிக் பவுடர் இருந்தது. கிருமி கொல்லும் என்று புண்ணான அரையில் அதைத் தூவினார்கள். உரிந்த தோல் வழியே போரிக் அமிலம் ரத்தத்தில் ஏறியது. வாந்தி, பேதி, வலிப்பு, சாவு. 1953-ல் கனடாவின் கோல்ட்ப்ளூம் மருத்துவர்கள் உலகெங்கும் பதிவான நூற்றுக்கும் மேற்பட்ட போரிக் அமில நச்சுச் சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பழைய டப்பா ஏதாவது பாட்டி வீட்டு அலமாரியில் இருந்தால் கேரம் போர்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிரான்ஸில் 1972-ல் நடந்தது இன்னும் கொடுமை. ‘டால்க் மொரான்ஜ்’ என்ற குழந்தைப் பவுடரின் ஒரு தொகுதியில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. அரையிடுக்கு சிவந்த குழந்தைகளுக்கு அம்மாக்கள் அதையே திரும்பத் திரும்பத் தூவினார்கள். சிவப்பு கூடியதால் இன்னும் அதிகமாகத் தூவினார்கள். தோல் வழியே உள்ளே போன நஞ்சு மூளையைத் தாக்கியது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 36 பேர் இறந்தார்கள். என்ன வியாதி என்று தெரியாமல் மருத்துவமனைகள் திணறின. முதலில் பவுடரை யாரும் சந்தேகப்படவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? உடல் எடையோடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தடவுவதில் உள்ளே போகிற பங்கும் அந்த அளவுக்கு அதிகம். அரையிடுக்குத் தோல் இயல்பிலேயே உறிஞ்சும் தன்மை மிகுந்தது. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் வளர்ந்த ஆண்களிடம் அளந்தபோது, விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிட 42 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சியது. குழந்தைக்கு அதற்கு மேல் டயப்பரும் கட்டி மூடிவிடுகிறோம். புண்ணும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து, அங்கே தடவுவது பாதி வாயில் ஊற்றுவதற்குச் சமம்.

மூன்று மருந்து ஒரே ட்யூபில்

அந்த 42 மடங்கை மனதில் வைத்துக்கொண்டுதான் மருந்துக்கடைக் கலவைக் களிம்பைப் பார்க்க வேண்டும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற கடும் ஸ்டீராய்டு ஒன்று. குழந்தைகளுக்கு எப்போதாவது டாக்டர் எழுதுகிற ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைவிட இது பல நூறு மடங்கு வீரியமானது. தடவிய மறுநாளே சிவப்பு மறைந்துவிடும், அதுதான் இதன் வசியம். ‘அருமையான ட்யூப்’ என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி தடவுவார்கள்.

வாரக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியும். அடியில் பூஞ்சை செழித்து வளரும். ஸ்டீராய்டு ரத்தத்தில் ஏறி, குழந்தையின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். முகம் உருண்டு, கன்னம் உப்பி, எடை ஏறும். பார்க்கிறவர்கள் ‘கொழுகொழுன்னு இருக்கே’ என்று கொஞ்சுவார்கள், திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். வளர்ச்சி நின்றிருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். டயப்பர் புண்ணுக்குத் தடவிய களிம்பாலேயே குஷிங் நோய்க்குறி எனும் இந்த நிலைக்கு ஆளான குழந்தைகளைப் பற்றித் துருக்கியிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் சட்டமாக இருக்கிறது; ட்யூப் கல்லாவைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படி ஒன்றைச் சில வாரங்களாகத் தடவிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்ததும் பயந்து சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. சுரப்பி தூங்கிப்போயிருந்தால் திடீர் நிறுத்தம் ஆபத்து. தடவிய ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மடிப்பைப் பாருங்கள்

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. ஈரத்தாலும் உரசலாலும் வந்த புண் மேடான இடங்களில் இருக்கும்: புட்டம், தொடையின் உள்பக்கம், அடிவயிற்றின் கீழே. துணி தொடாத மடிப்பின் ஆழம் வெளுப்பாகத் தப்பியிருக்கும். மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாக, எல்லை பளிச்சென்று தெரிந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் சிதறியிருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. மூன்று நாள் கவனித்தும் ஆறாத சாதாரணப் புண்ணில் பெரும்பாலும் இது குடியேறிவிடும். குழந்தையின் வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கேயும் அதே பூஞ்சைதான். அப்போது தாயின் மார்புக் காம்பையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற தனிப் பூஞ்சை மருந்தை டாக்டர் எழுதுவார். அதை முதலில் மெலிதாகத் தடவி, அதன்மேல் ஜிங்க் பூச்சு. வரிசை மாறினால் மருந்து தோலையே தொடாது. மறைந்துவிட்டதே என்று டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே நிறுத்துவதும் வேண்டாம்.

இடுப்பிலும் தொடை வளையத்திலும் ரப்பர் பட்ட கோட்டில் மட்டும் சிவந்தால் அந்த டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், வேறு ரகம் மாற்றிப் பாருங்கள். அரையிடுக்கோடு வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் புண், கூடவே நிற்காத பேதி, தலைமுடி உதிர்வு என்றால் அது பிறவியிலேயே துத்தநாகத்தை உறிஞ்ச முடியாத குறையாக இருக்கலாம். அரிது. ஆனால் வாய்வழியே துத்தநாகம் கொடுத்தால் ஆச்சரியப்படும்படி தேறிவிடுகிற நோய், வருடக்கணக்கில் டயப்பர் ரேஷ் என்ற பெயரில் களிம்பு வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

பழைய வேட்டி, பழைய சேலை பற்றி ஒரு எச்சரிக்கை பாக்கியிருக்கிறது. பீரோவில் பாச்சை உருண்டையோடு மடித்து வைத்த துணியை எடுத்து அப்படியே குழந்தைக்குக் கட்டவோ தூளி போடவோ கூடாது. அந்த உருண்டையின் நாஃப்தலீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, முக்கியமாக ஆண் குழந்தைகளுக்கு, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடலாம். அந்தக் குறை இருப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. துணியைப் பல நாள் வெயிலில் போட்டு, துவைத்து, வாசனை முழுக்கப் போனால்தான் கட்டலாம். இல்லையென்றால் புதுத் துணியே வாங்கிவிடலாம்.

மூன்று நாளில் குறையாத சிவப்பை டாக்டரிடம் காட்ட வேண்டும். அன்றைக்கே, நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு: நீர்க்கொப்புளம், சீழ் கோத்த பருக்கள், வெந்நீர் பட்டதுபோலத் தோல் தாள் தாளாக உரிவது, சிவப்பு வயிற்றை நோக்கிப் பரவுவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து நாறுவது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலும், கை கால் சில்லிட்டு உடம்பு குளிர்ந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அது அரையிடுக்கு விவகாரம் அல்ல, ரத்தத்தில் தொற்று ஏறியிருக்கலாம். காலை ஓ.பி. திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவு இரவிலும் இயங்குகிறது. வண்டி இல்லையென்றால் 108.